தேத்தண்ணி எத்தனைதரம்? சூத்தை இடர்க் கணிப்பும் வில் நகரத் தமிழ்ப் பிள்ளைகளும்

சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மாநிலத்து வில் நகரில் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பரிசோதிக்க ஊர் நிர்வாகமே ஏற்பாடு செய்கிறது. கண்ட சூத்தையை அடைக்கும் செலவில் பெரும்பகுதி பெற்றோர் தலையில். 1996இல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் சாதாரணச் சூத்தைக்குப் பணம் தருவதில்லை. ஆகவே, இந்தப் பிள்ளைக்கு இனியும் சூத்தை வருமா என்ற கணிப்பு இங்கே குடும்பச் செலவையும் தொடுகிறது.

அந்தக் கணிப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை அண்டை மாநிலமான சூரிச்சின் கதை காட்டும். 1955 முதல் அங்கே ஃபுளோரைடு கலந்த சமையல் உப்பு விற்பனைக்கு வந்தது. 1960களில் பல் மருத்துவ ஆய்வாளர் தோமஸ் மார்த்தாலர் அம்மாநிலப் பள்ளிகளில் தொடங்கிய கணக்கெடுப்புகள், சூத்தை பல மடங்கு வீழ்ந்ததைப் பதிவு செய்தன. வீழ்ந்தபின் மிஞ்சியது சில பிள்ளைகளின் வாயில் குவிந்தது. சராசரி அவர்களை மறைத்துவிடுகிறது என்பதால்தான், அதிகம் பாதிக்கப்பட்ட மூன்றில் ஒரு பங்கினரைத் தனியே எண்ணும் குறியீட்டை 2000இல் சுவீடன் பல் ஆய்வாளர் டக்ளஸ் பிராத்தால் முன்வைத்தார்.

அவர் குழு மால்மோவில் உருவாக்கிய காரியோகிராம் என்ற இடர்க் கணிப்பு முறை உணவு, கிருமி, பல்லின் தாங்குதிறன், சூழ்நிலை ஆகியவற்றை வட்டத்தின் துண்டுகளாக வரைந்து, எஞ்சும் பச்சைத் துண்டைத் தப்பும் வாய்ப்பாகக் காட்டுகிறது. பார்க்க அழகுதான். ஆனால் ஒற்றைக் காரணிகளில் வலுவான முன்னறிகுறி பழைய சூத்தையே என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வீடு எரிந்தபின் தீப்பிடிக்கும் என்று சொல்வதில் என்ன கெட்டித்தனம்? அதற்கு முந்திய அடையாளம் ஒன்று உண்டு. மேல் முன்பல்லை ஈரம் போகக் காற்றூதி உலர்த்தினால், முரசோரம் சுண்ணாம்புக் கோடுபோல் மங்கிய வெள்ளை தெரியும். ஈரத்தில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். குழி விழாத அந்தக் கட்டத்தில் பல் மீள முடியும்.

அந்தக் கோடு ஏன் வந்தது என்பதை உணவுக் கேள்விதான் சொல்லும். சுவீடனின் விப்பேஹோல்ம் அறிவுத்திறன் குறைபாடுள்ளோர் காப்பகத்தில் 1940களில் தொடங்கிய, இன்று எந்த அறக்குழுவும் அனுமதிக்காத ஆய்வு, சீனியின் அளவைவிட அது எத்தனைதரம் வாய்க்குள் போகிறது, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம் என்று காட்டியது. ஒவ்வொரு தரமும் வாயின் pH அளவு 5.5க்குக் கீழே இறங்கினால், மீண்டும் ஏற ஏறத்தாழ அரைமணி ஆகும். இனி ஒரு தமிழ்ப் பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள்: விடியத் தேத்தண்ணி, பள்ளியில் ஒன்பது மணிக்கு ஸ்னூனி என்னும் சுவிஸ் இடைத்தீனி, நாலு மணிக்கு ஸ்வீரி என்னும் இன்னொன்று, அதோடு வீட்டில் பிஸ்கட்டும் இன்னொரு தேத்தண்ணியும். இரண்டு பண்பாட்டு இடைத்தீனியும் ஒரே வாயில். "இனிப்பு அதிகம் சாப்பிடுவாரா?" என்று பல் மருத்துவர் ஜெர்மனில் கேட்டால் தகப்பன் "இல்லை" என்பார். அவருக்கு இனிப்பு என்றால் லட்டு, சாக்லேட். தேத்தண்ணிச் சீனி அந்தக் கணக்கில் வராது.

அந்தப் பதிலை நம்பிப் படிவத்தில் இடர் குறைவு என்று எழுதினால் கணிப்புப் பிழையாகும். கேள்வியைத் தமிழில், "தேத்தண்ணி எத்தனைதரம்?" என்று மாற்ற வேண்டும், பிள்ளைக்குத் தீனி கொடுக்கும் அம்மம்மாவிடம் கேட்க வேண்டும். வில்லிலும் அயலூர்களிலும் உள்ள தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் இதைப் பல் மருத்துவர்களிடம் எடுத்துச் சொல்ல முன்வர வேண்டும்.