சிவப்புப் பிசாசும் கொழுப்புக் குமிழியும்

இத்தாலியின் தென்கிழக்கே கஸ்தெல் தெல் மோந்தே என்று ஓர் எண்கோணக் கோட்டை இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடரிக் கட்டியது. 1950களில் மிலானைச் சேர்ந்த ஃபார்மித்தாலியா என்ற மருந்து கம்பெனிக்கு அந்தக் கோட்டைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் மண் போய்ச் சேர்ந்தது. மண்ணில் ஒரு நுண்ணுயிர். அது கக்கியதோ மாணிக்கச் சிவப்பில் ஒரு சாயம். சாயமா அது? புற்றுநோய்க் கட்டிகளைக் கரைக்கும் விஷம்!

அந்த வம்சத்தில், 1960களின் கடைசியில் வந்தது டாக்ஸோரூபிஸின். அருகே ஏட்ரியாட்டிக் கடல் இருந்ததால் ஏட்ரியாமைசின் என்று பெயரிட்டார்கள். நோயாளிகள் வைத்த பெயர் வேறு. சிவப்புப் பிசாசு.

நரம்பில் ஏற்றினால் உடம்பு முழுக்கச் சுற்றும். நல்ல செல், கெட்ட செல் பேதமெல்லாம் கிடையாது. முடி கொட்டும், குமட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் சார், இதயத் தசையையே கெடுத்துவிடும். ஆகவே, ஒருவருக்கு ஆயுளுக்கு இவ்வளவுதான் என்று டாக்டர்கள் ரேஷன் வைத்தார்கள். கட்டி கரைந்துகொண்டிருக்கும், ஆனால் ரேஷன் தீர்ந்துவிட்டதே என்று மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும். அந்த நோயாளியிடம் என்ன சொல்வீர்கள்?

இதற்கான விடை இங்கிலாந்தில் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தது. கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் ஆய்வகத்தில் அலெக் பாங்கம் என்பவர் லெசித்தினைத் தண்ணீரில் கலந்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். லெசித்தின் வேறொன்றுமில்லை, முட்டை மஞ்சள் கருவில் இருக்கிற கொழுப்பு வகை. உள்ளே குட்டிக் குட்டிப் பந்துகள்! யாரும் உருட்டவில்லை, தானாக உருண்டவை. 1964ல் கட்டுரை வெளியானது.

பி.காம். படித்த எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். இந்தக் கொழுப்பு மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் இரண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகவே ஆகாது. தண்ணீரில் போட்டதும் வால்களையெல்லாம் உள்ளே மறைத்துக்கொண்டு இரட்டைச் சுவராக நின்று, வளைந்து, குமிழியாக மூடிக்கொள்ளும். நடுவே காலி இடம். லைப்போசோம் என்கிறார்கள். அந்தக் காலி இடத்தில் சிவப்புப் பிசாசை அடைத்தால்?

ஜெருசலேமில் பேரன்ஹோல்ஸ் என்ற விஞ்ஞானியும் கபிஸோன் என்ற புற்றுநோய் டாக்டரும் 1980களில் அதைத்தான் செய்தார்கள். தோல்வி! குமிழிகளைக் கல்லீரல் பிடித்து விழுங்கிவிட்டது. மருந்தும் வழியிலேயே கசிந்தது. விடவில்லை மனிதர்கள். அமோனியம் சல்ஃபேட்டை உள்ளே வைத்து மருந்தை இழுத்துப் பூட்டினார்கள். ஒரு குமிழிக்குள் 10,000 மூலக்கூறுகளுக்கும் மேல்! வெளியே பி.இ.ஜி. என்கிற பாலிமரால் போர்வை. கல்லீரலின் கண்ணுக்குத் தப்பிய குமிழிகள் நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றின. கட்டியின் ரத்தக் குழாய்கள் ஓட்டை உடைசலானவை அல்லவா? அந்த ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கின.

1995 நவம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்தது. பெயர் டாக்ஸில். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி சர்கோமா புற்றுக்குத்தான் முதலில். இதயத்துக்குப் பாதிப்பு குறைந்தது. பதிலுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரிந்தன. இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

சரி, குமிழி கட்டிக்குப் போய்விட்டது. கதவைத் திறப்பது யார்? சூடு திறக்கட்டும் என்றது மில்ட்டன் யாட்வின் குழு, 1978லேயே. காய்ச்சல் அளவுச் சூட்டில் உருகும் கொழுப்பால் குமிழி செய்து, கட்டியை மட்டும் சூடாக்குவது. அற்புதமான யோசனை. தெர்மோடாக்ஸ் என்ற மருந்தாகவே வந்தது. கல்லீரல் புற்று உள்ள 701 பேரிடம் சோதித்தார்கள். 2013 ஜனவரியில் முடிவு: பலனில்லை. 'சூடாக்கிய நேரம் போதவில்லை, 45 நிமிடம் தாண்டியவர்களுக்குப் பலன் தெரிந்ததே' என்று மறுபடி ஒரு சோதனை. 2020ல் அதுவும் கைவிட்டது. எனக்கென்னவோ யாட்வின்மேல் இன்னும் மரியாதை குறையவில்லை.

பூட்டிய பழைய குமிழிக்கு வந்த சிக்கல் வேறு மாதிரி. 2011ல் ஓஹியோவில் டாக்ஸில் தயாரித்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்கப் புற்றுநோயாளிகள் பெயர் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்தார்கள். 2012 பிப்ரவரியில் தற்காலிக அனுமதி கொடுத்து, அதே சரக்கை வேறு பெயரில் இறக்குமதி செய்தது அமெரிக்க அரசு. பெயர் லிப்போடாக்ஸ். விற்றது நம்மூர் சன் பார்மா.