இந்திய அமைதிப்படை விலகல் (1989–1990)

இந்திய அமைதிப்படை விலகல் என்பது, 1987 ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குச் சென்ற இந்தியப் படை, இரு நாடுகளிலும் எழுந்த எதிர்ப்பையடுத்துப் படிப்படியாகத் திரும்பப் பெறப்பட்ட நிகழ்வாகும். நீலகிரி மாவட்டத்தின் வெலிங்டனைப் பயிற்சி மையமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டின் பட்டாலியன்களும் இப்படையில் இடம்பெற்றன. 1987 அக்டோபரில், தனித் தமிழீழம் கோரிய விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டபின் படைபலம் பன்மடங்கு பெருகியது. 1989 ஜூன் 1 அன்று, ஜூலை இறுதிக்குள் முழுப்படையும் வெளியேற வேண்டுமென இலங்கையின் அடுத்த அதிபர் பிரேமதாசா கோர, இலங்கைத் தமிழர் பாதுகாப்பும் அதிகாரப் பகிர்வும் உறுதியாகாமல் ஒருதலைப்பட்சமான கெடுவை ஏற்க இயலாதென இந்தியா வாதிட்டது. செப்டம்பரில் இரு அரசுகளும் விலகல் குறித்து உடன்பாடு கண்டன; டிசம்பரில் இந்தியாவில் பதவியேற்ற வி. பி. சிங் அரசு விலகலை நிறைவேற்ற, கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து புறப்பட்டது. தமிழக முதல்வர் மு. கருணாநிதி திரும்பிய படைக்குச் சென்னையில் அளிக்கப்பட்ட வரவேற்பில் பங்கேற்கவில்லை. இலங்கையில் நடந்த இப்போரில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர்.