வாள் தகட்டில் ஒரு சிலுவை

ஜப்பானியச் சாமுராய் வீரரின் வாளில், அலகும் கைப்பிடியும் கூடுமிடத்தில் உள்ளங்கையளவான உலோகத் தகடொன்று பொருத்தப்பட்டிருக்கும். 'ட்சூபா' என்பது அதன் பெயர். பிடித்த கை வழுக்கி அலகின்மேல் படாதவாறு காப்பதே அதன் வேலை. காலப்போக்கில் அவ்விரும்புத் தகட்டிலும் கலை குடிபுகுந்தது. செவ்வந்தி, மூங்கில், காட்டு வாத்து, முன்னோக்கியே பறப்பதால் வெற்றியின் குறியாகக் கொள்ளப்பட்ட தும்பி எனப் பற்பல உருவங்கள் அதில் இடம்பெற்றன.

அவற்றுள் சிலுவை வடிவம் தாங்கிய தகடுகளைக் காணுங்கால் நம் உள்ளம் துள்ளுகிறது. முத்துக்குளித்துறையில் நம் முன்னோர்க்கு மறையறிவித்த புனித சவேரியார் 1549 ஆகஸ்டு 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினார். 1597-இல் நாகசாகியில் 26 மறைசாட்சிகள் சிலுவையில் உயிர் ஈந்தனர். 1614-இல் நாடெங்கும் நம் மறை தடைசெய்யப்பட்டது. இவற்றை நினைக்கையில், மறைந்து வாழ்ந்த விசுவாசி ஒருவர் தம் வாளில் ஒளித்துவைத்த சிலுவை இது என்று சொல்லிவிட நா எழுகிறது.

ஆயினும் சற்றே பொறுத்தல் நன்று. சவேரியார் இறங்கிய ககோஷிமாவை ஆண்ட ஷிமாசு குலத்தின் இலச்சினையே சிலுவை வடிவினது. அவர் வருகைக்கு வெகுகாலம் முன்பே அக்குலத்தார் அதனைத் தாங்கினர். பிற்காலத்தில் அது வட்டத்துக்குள் அமைந்தது. குதிரையின் கடிவாளக் கோலும் அவ்வாறே தோன்றும். பத்து என்னும் எண்ணை ஜப்பானியர் எழுதும் எழுத்தும் குறுக்குக் கோடுகளே. நான்கிதழ் மலரும் தொலைவில் சிலுவையாகத் தெரியும். ஆகவே தகட்டில் கொல்லர் பெயர் உண்டா, அவர் எந்தப் பட்டறை மரபினர், உடன் செதுக்கப்பட்டவை எவை, தகடு எக்குடும்பத்தினின்று வந்தது என்பனவற்றையெல்லாம் ஆராய்ந்தே முடிவுகூறல் வேண்டும். 1876-இல் பொதுவிடத்தில் வாள் தாங்குதல் தடைசெய்யப்பட்டபின், எண்ணற்ற தகடுகள் வாளினின்று பிரிந்து மேலைநாட்டுச் சேகரிப்பாளரை அடைந்தன. பிரிந்த தகடு தன் உடையவரின் பெயரைச் சொல்வதில்லை.

இதனால் நம் விசுவாசத்துக்கு இழப்பு ஏதுமுண்டோ? இல்லை. 1865 மார்ச் 17 அன்று உரகாமி சிற்றூர் மக்கள் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்து, தாங்களும் அதே மறையினரே என அருட்தந்தை பெத்திழானிடம் அறிவித்து, அன்னை மரியாளின் திருவுருவம் எங்கே என வினவினர். குருக்களின்றி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திருமுழுக்கையும் செபங்களையும் வழிவழியாய்க் காத்த எளியோர் அவர்கள். தடை 1873-இல்தான் நீங்கியது.

அவர்களின் சாட்சியம் ஐயத்துக்கு இடமற்றது. இல்லாத சாட்சியத்தை இரும்பின்மேல் ஏற்றிச் சொல்வது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. பக்திக்காகவேனும் மெய்யை வளைக்காதிருப்போமாக.