முதல் பெடல் சைக்கிளில்தான் இருந்தது

கிட்டார் பெடல் என்பது கிட்டாருக்கும் அம்ப்ளிஃபயருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. காலால் ஒரு மிதி மிதித்தால் சத்தம் கரகரக்கும், எதிரொலிக்கும், அலையடிக்கும். நாலைந்து பெடலை ஒரு பலகையில் பூட்டி, வயர் இழுத்து, எல்லாத்துக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் கொடுத்தால் அது பெடல்போர்ட். கடையில் கேட்டால் வெறும் பலகையின் விலையே தலையைச் சுத்த வைக்கும். அதனால் எங்களைப் போன்றவர்கள் பழைய கட்டில் சட்டம், பெட்டிப் பலகை, பிஸ்கட் டின் என்று தேடத் தொடங்குகிறோம். கூடவே ஒரு கூச்சமும் வரும்: காசு இல்லாததாலதானே இப்படி?

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் அந்தக் கூச்சம் போய்விடும்.

கிட்டாரின் கரகரப்புச் சத்தமே ஒரு பழுதில் பிறந்ததுதான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டைப் பதிவு செய்தபோது ஒலிக்கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிழிந்த சத்தமாக விழுந்தது. அதை அழிக்காமல் 1961இல் அப்படியே வெளியிட்டார்கள். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னோடி பின்னர் அந்தப் பழுதையே வேண்டுமென்று உண்டாக்கும் சுற்று ஒன்றைச் செய்தார். 1962இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் பெடலாகக் கடைக்கு வந்தது. குவீன் குழுவின் ஜோன் டீகன் லண்டனில் குப்பைத்தொட்டியில் கண்டெடுத்த சுற்றுப்பலகையை ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து அம்ப்ளிஃபயர் செய்தார். உலகம் கேட்ட குவீன் இசைத்தட்டுகளில் அந்தப் பெட்டியின் சத்தம் இருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. எங்கட வாவிக்கரையில் என்ன நடந்தது?

மட்டக்களப்பை 'மீன் பாடும் தேன்நாடு' என்பார்கள். மீனைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். சத்தம் செய்த கைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

முதலில் பறங்கியர். போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. கோட்டை கைமாறினாலும் போர்த்துக்கேய வழிவந்த ஒரு மொழியும் இசையும் ஊரில் தங்கிவிட்டன. இந்தச் சமூகத்தை ஆராய்ந்த டென்னிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரைத் தலைப்பிலேயே அவர்களை 'போர்த்துக்கேய மெக்கானிக்குகள்' என்று குறிப்பிடுகிறார். தச்சு, கொல்லு, தையல், சப்பாத்துத் தைப்பு என்று கைத்தொழிலால் வாழ்ந்தவர்கள். கலியாண வீடுகளில் வயலினும் கிட்டாரும் றபானும் வைத்துக் கபிரிஞ்ஞா வாசித்ததும் இதே ஆட்கள்தான். இன்று நாடு முழுக்க ஆடும் பைலாவின் வேர் இந்த இசைக்குள் இருக்கிறது. பகலில் திருத்தும் கை, இரவில் வாசிக்கும் கை. இரண்டையும் வேறு வேறு வேலையாக யாரும் பார்க்கவில்லை.

அடுத்தவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் பிறந்தவர். அவரைத் தமிழ் அறிஞராகவும் துறவியாகவும்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறோம். பழைய தமிழ் நூல்களில் பெயர் மட்டும் மிஞ்சியிருந்த யாழை அவர் நரம்பின் நீளமாகவும் சுருதியின் விகிதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 'யாழ்நூல்' அரங்கேறியபோது அந்தக் கணக்கின்படி செய்த யாழ்களும் ஒலித்தன. அடுத்த மாதமே அவர் காலமானார். கருவி இல்லை என்றால் செய்துபார் என்பதை இதைவிடப் பெரிதாக யாரும் செய்து காட்டியதில்லை.

இனி, எங்கட பெற்றோர் நேரில் பார்த்த காலத்துக்கு வருவோம்.

1990இல் யுத்தம் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணத்துக்குப் போன பொருட்களில் பலதுக்குத் தடை வந்தது. பற்றரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. கரண்டும் இல்லை. இங்கே, வாவிக்கு மேற்கே படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. எழுவான்கரையிலிருந்து சாமான் கொண்டுபோக வாவியையும் தாண்ட வேணும், சோதனைச்சாவடியையும் தாண்ட வேணும். மண்முனையில் பாலம் வந்ததே 2014இல்தான். அதுவரை படகுப்பாதை.

அந்த வருடங்களில் வடக்கில் ரேடியோ கேட்ட விதம் உங்கட வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவார்கள். சில்லில் உரசும் டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். செய்தி முடியும்வரை கை நிற்கக்கூடாது. பாட்டுக்கும் அப்படித்தான். இந்த மண்ணில் இசைக்காக மிதிபட்ட முதல் பெடல் அது என்று சொன்னால் மிகையில்லை.

சைக்கிள் டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ட், 3 வாட், அதுவும் ஆடலோட்டம். ரேடியோவுக்குத் தேவை நேரோட்டம். டயோட் வைத்து ஓட்டத்தை ஒரு திசைக்குத் திருப்பி, கொள்ளளவி வைத்து ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கினால்தான் இரைச்சல் குறையும். இன்று வீட்டில் பெடல்போர்ட் செய்பவர் முட்டிக்கொள்வதும் இதே இடத்தில்தான். பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட் நேரோட்டம் வேணும், இணைப்பு முனையின் நடுப்பகுதி எதிர்முனை. பழைய லப்டொப் அடப்டர் சும்மா கிடக்குதே என்று மாட்டினால் அது 19 வோல்ட் தரும், பெடல் கருகிவிடும். ஒரு பழைய பாணி ஃபஸ் பெடல் சில மில்லிஅம்பியர்தான் எடுக்கும். டிஜிட்டல் டிலே 100க்கு மேல் கேட்கலாம். எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் அடப்டர் எடுக்க வேணும். பலகைக்குக் கட்டில் சட்டம் போதும், வழுக்காமல் இருக்கச் சைக்கிள் டியூப் போதும். சுற்றை வைக்கும் பெட்டி மட்டும் உலோகமாக இருந்து, அதைச் சுற்றின் தரைமுனையோடு இணைத்திருந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் குறையும். பிஸ்கட் டின்னுக்கு அந்தத் தகுதி உண்டு.

ஒன்றை மறக்கக்கூடாது. தடையும் சோதனைச்சாவடியும் ஆட்களைக் கெட்டிக்காரர் ஆக்கியது என்று பெருமை பேச எங்களுக்கு விருப்பமில்லை. பற்றரி கிடைத்திருந்தால் அவர்கள் பற்றரிதான் போட்டிருப்பார்கள். 2022இல் டொலர் இல்லாமல் 300க்கும் மேற்பட்ட வகைப் பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியபோதும், ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் போனபோதும் 'சமாளிப்போம்' என்றுதான் சொன்னோம். சமாளிப்பது திறமை. சமாளிக்க வைத்தவர்களைக் கேள்வி கேட்பதை அந்தத் திறமை மறைத்துவிடக்கூடாது.

எங்கட கவலை வேறொன்றும் உண்டு. விபுலாநந்தரின் கணக்குப் புத்தகமாக இருக்கிறது. பறங்கியரின் மொழியையும் பாட்டையும் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ குழுவினர் பதிவுசெய்து ஆவணக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். டைனமோவுக்கு டயோட் பற்றவைத்த ரேடியோக் கடைக்காரரின் சுற்றுப்படம் எங்கே? அவருக்கு இப்போது அறுபது, எழுபது வயது இருக்கும். அவர் போனால் அதுவும் போகும்.

அதனால் பெடல்போர்ட் செய்யிறவர்களிடம் எங்களுக்கு இரண்டு வேண்டுகோள். பலகையின் அடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள்: இந்தச் சட்டம் யாருடைய கட்டில், இந்த டின் எந்த வருடத் தீபாவளி, இந்த ட்ரான்சிஸ்டர் எந்த ரேடியோவில் இருந்தது. பிறகு, சோல்டர் பண்ணச் சந்தேகம் வந்தால் யூடியூப்புக்குப் போக முதல் ஊரில் இருக்கும் பழைய ரேடியோ திருத்துபவரிடம் போங்கள். ஃபோனில் ரெக்கோர்ட் பண்ணலாமா என்று கேட்டுவிட்டு, அவரைக் கதைக்க விடுங்கள்.