வட நைஜீரியா: உலகமயமாதல், பண்பாட்டு அடையாளம், பயங்கரவாதம்

நைஜீரியாவின் வடகிழக்கே, போர்னோ மாநிலத் தலைநகர் மைதுகுரியில், 2002 வாக்கில் முகமது யூசுஃப் தொடங்கிய இயக்கம் போகோ ஹராம். மேலைக் கல்வி மார்க்கத்துக்கு ஆகாது என்பது அதன் முதற்கொள்கை. உலகமயமாதல் ஒரு மக்களின் தன்மதிப்பைக் குலைக்கும்போது வன்முறை எப்படித் தலையெடுக்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

வெளியுலகத் தொடர்பு இப்பகுதிக்குப் புதிதன்று. சாட் ஏரிப் பகுதியை ஆண்ட கானெம் அரசர்கள் 11ஆம் நூற்றாண்டிலேயே இஸ்லாத்தைத் தழுவினர். உப்பும் அடிமைகளும் நூல்களும் ஒட்டக வணிகர்களோடு சஹாராவைக் கடந்தன. ஐரோப்பாவில் 'மொராக்கோ தோல்' என்று விலைபோனதில் பெரும்பகுதி ஹவுசா நாட்டு ஆட்டுத்தோலே. 1804இல் உஸ்மான் தான் ஃபோடியோ புனிதப்போர் தொடுத்து சொக்கோட்டோ கலீஃபகத்துக்கு வித்திட்டார். அந்தப் போரிலிருந்து போர்னோவைக் காத்த அல் கானெமி, முஸ்லிம்கள் மீதே போர் தொடுப்பது எப்படி நியாயம் என்று சொக்கோட்டோவுக்குக் கடிதங்கள் எழுதி வாதிட்டார். ஃபோடியோவின் மகள் நானா அஸ்மாவு (1793–1864) ஹவுசா, ஃபுல்ஃபுல்டே, அரபு மொழிகளில் கவிதை இயற்றியவர். பெண் ஆசிரியர்களைப் பயிற்றினார். புல்லால் முடைந்த பெரிய தொப்பியில் சிவப்புத் துணி கட்டிய அந்த ஆசிரியைகள் ஊர் ஊராகச் சென்று, பாடல்களை மனப்பாடம் செய்வித்துப் பெண்களுக்குக் கற்பித்தனர். பின்னாளில் பள்ளி மாணவிகளைக் கடத்திய போகோ ஹராம் இயக்கத்தார் உரிமை கொண்டாடும் மரபு இதுதான்.

1903இல் கானோவும் சொக்கோட்டோவும் பிரிட்டிஷார் வசமாயின. மதத்தில் தலையிடுவதில்லை என்று பிரிட்டிஷ் ஆட்சியாளர் லுகார்டு வாக்களித்தார்; கிறித்தவ மிஷனரிகளுக்கு வடக்கில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதனால் மிஷன் பள்ளிகள் தெற்கில் பெருகின, வடக்கு பின்தங்கியது. ஹவுசாவை அரபு எழுத்தில் எழுதும் அஜமி முறையை ஒதுக்கி, ரோமன் எழுத்தை அலுவலக எழுத்தாக்கினர். தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பத்தினர் அரசுக் கணக்கில் எழுத்தறிவற்றவர் ஆயினர். இந்த அவமதிப்பே பிற்காலக் கசப்புக்கு வேர். 2007இல் 5, 10, 20, 50 நைரா தாள்களிலிருந்தும் அஜமி நீக்கப்பட்டது.

குர்ஆன் பயில வீட்டைவிட்டு அனுப்பப்படும் அல்மாஜிரி சிறுவர்கள் இன்றும் மரப்பலகையில் கரி மையால் வசனம் எழுதி, மனப்பாடம் ஆனதும் கழுவிவிட்டு அடுத்ததை எழுதுகின்றனர். முன்பு ஊரார் அவர்களுக்குச் சோறிட்டனர். இன்று நகரத் தெருக்களில் கிண்ணம் ஏந்துகின்றனர். 1986இன் பொருளாதாரச் சீரமைப்பு, மின்தட்டுப்பாடு, மலிவான சீனத் துணி ஆகியவற்றால் கடுனா, கானோ நெசவாலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. பிழைப்பும் போய், கற்ற கல்விக்கு மதிப்பும் இல்லாத இளைஞர்களிடமே யூசுஃபின் பேச்சு எடுபட்டது. வறுமை மட்டுமே காரணம் என்பது போதாத விளக்கம். மேலைக் கல்வியை மறுத்த அவருடைய உரைகள் ஒலிநாடாவில் பரவின. பின்வந்தோர் காணொளிகளை உலகுக்கே அனுப்பினர். அவர்கள் பேசிய கடும் தூய்மைவாதமும் எல்லை கடந்து வந்த சரக்கே. கானோவிலோ போர்னோவிலோ முளைத்ததன்று.

2009 ஜூலை கிளர்ச்சிக்குப் பின் யூசுஃப் போலீஸ் காவலில் கொல்லப்பட்டார். அபூபக்கர் ஷெக்காவு தலைமையேற்றார். 2014 ஏப்ரல் 14 இரவு சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவியர் கடத்தப்பட்டனர். 2015இல் இயக்கம் ஐ.எஸ். அமைப்புக்கு விசுவாசம் அறிவித்தது, 2016இல் பிளவுபட்டது, 2021இல் ஷெக்காவு இறந்தார். சாட் ஏரிப் பகுதியில் தாக்குதல்கள் தொடர்கின்றன.