மேடை இருளில் ஒரு கமரா

கல்கத்தாவில் யாரோ ஒருவர் டாக்சியில் மறந்துவிட்டுப் போன கமரா அது. கண்டெடுத்த நண்பர், நிமாய் கோஷுக்குத் தரவேண்டியிருந்த 240 ரூபாய்க் கடனுக்கு ஈடாக அதைக் கொடுத்தார். 1934இல் பிறந்த கோஷ் அப்போது முப்பதைத் தாண்டியிருந்தார். ஒளிப்படக் கலையை யாரிடமும் பயின்றவரல்லர். உத்பல் தத்தின் லிட்டில் தியேட்டர் குரூப்பில் நடித்தவர். தமிழில் ‘பாதை தெரியுது பார்’ படத்தை இயக்கிய நிமாய் கோஷ் வேறொருவர்.

நாடக நண்பர்களோடு சத்யஜித் ராயின் ‘கூப்பி காயின் பாகா பாயின்’ படப்பிடிப்புக்குப் போய் அவர் எடுத்த படங்கள் ராயைக் கவர்ந்தன. பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ராயின் படப்பிடிப்புகளில் அவர் இருந்தார். பேனாவுக்குப் பதில் கமரா பிடித்த, பாஸ்வெல் போன்ற வாழ்க்கை வரலாற்றாசிரியர் என்று ராய் அவரைப் பாராட்டினார். உலகம் அவரை அறிந்தது அப்படித்தான். ஆனால் நாடகத்தை அவர் கைவிடவேயில்லை.

வங்க நாடகம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. உத்பல் தத் 1965இல் ‘கல்லோல்’ நாடகத்தில் 1946ஆம் ஆண்டின் கடற்படைக் கிளர்ச்சியை மேடையேற்றினார். நந்திகார் குழுவின் அஜிதேஷ் பந்தோபாத்யாய் 1969இல் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகமொன்றை வங்கத்துக்கு ஏற்ப மாற்றி ‘தீன் பொய்ஷார் பாலா’ ஆக்கினார். சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுவதை ஒளியாலேயே காட்டிய தபஸ் சென் போன்ற ஒளியமைப்பாளர்கள் அங்கே இருந்தார்கள்.

அந்த ஒளியைக் கோஷ் மதித்தார். ஃப்ளாஷ் போடுவதில்லை. ஃப்ளாஷ் ஒருமுறை மின்னினால் ஒளியமைப்பாளரின் உழைப்பு படத்தில் அழிந்துவிடும். நடிகரின் கவனமும் கலையும். கிடைத்த வெளிச்சத்தில், கறுப்பு வெள்ளைப் படச்சுருளில், முகம் தெளியும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். வசனத்துக்கு முன் நடிகர் எப்போது மூச்செடுப்பார், எங்கே திரும்புவார் என்பது ஒத்திகைகளில் பழகியவருக்குத் தெரியும்.

வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1970களில் மேடையையே விட்டு இறங்கி, பார்வையாளர் நடுவே ‘மூன்றாம் அரங்கு’ நடத்தினார். 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழ் நவீன நாடகத்திலும் தடம் பதித்தது. அறுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரையான கல்கத்தா நாடகத்தைக் கோஷின் படங்களோடு சீகல் பதிப்பகம் 2000இல் நூலாக வெளியிட்டது. 2010இல் பத்மஸ்ரீ பெற்ற கோஷ், 2020 மார்ச் 25இல் காலமானார்.

இலங்கையின் வன்னியிலிருந்து பார்க்கும்போது அந்த நூலின் பெறுமதி இன்னும் கூடித் தெரிகிறது. கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் விடிய விடிய ஆடப்பட்ட மண் இது. 2009இல் போரிலிருந்து தப்பி ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர்களில் பலர் உடுத்த உடுப்போடுதான் வந்தார்கள். பல வீட்டு அல்பங்கள் பதுங்குகுழிகளிலும் தெருவோரங்களிலும் போயின.

ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. புலம்பெயர்ந்த உறவுகளுக்கு அனுப்பிய படப் பிரதிகள் இன்னும் இருக்கக்கூடும். ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் ஒளிப்படங்களையும் சேர்க்கிறது. கூத்துப் படம் ஒன்று அகப்பட்டால், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் யார், எந்தக் கோயில் திருவிழா, எந்த ஆண்டு, யார் எந்த வேடம் என்று ஊரின் முதியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதிவைக்க வேண்டும். சொல்லக்கூடியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.