கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஆங்கிலம்: சொல் முந்தியது, வாக்கியம் பிந்தியது

கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்கு ஆங்கிலம் கடலூர்ப் பக்கமிருந்து வந்தது. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. 1801-இல் ஆற்காட்டு நவாபின் சீமை கம்பெனி கைக்குப் போனது. அதன்பின் அமைந்த தென்னாற்காடு மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையடிவாரம் வரை கள்ளக்குறிச்சி தாலுகா பரந்திருந்தது. ஆனால் அந்த ஆட்சியில் குடியானவர் ஆங்கிலம் கற்க வேண்டிய தேவை எழவில்லை. தமிழ் படிக்க வேண்டியவர்கள் துரைமார்தான். அவர்களுக்கு நாட்டு மொழிகளைக் கற்றுத்தர கம்பெனி அதிகாரி எல்லிஸ் முன்னின்று 1812-இல் சென்னைக் கோட்டைக் கல்லூரியை அமைத்தார். தாலுகா கச்சேரியில் தாசில்தார், ஜமாபந்தி, பட்டா என்று நவாபு காலத்துச் சொற்களே நிலைத்தன. மேலே இருந்த கலெக்டர் மட்டும் ஆங்கிலப் பெயரோடு வந்தார்.

நிலைமை மாறியது வேலையை ஒட்டித்தான். ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று 1844-இல் கம்பெனி அரசு அறிவித்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. கடலூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் படிக்க வசதியுள்ள குடும்பங்களுக்கு அது பயன்பட்டது. மானாவாரி நிலத்தை நம்பியிருந்த கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் கிராமங்களுக்கு அது எட்டாத தூரம். போர்டு பள்ளிகள் பரவிய பிறகே அங்குள்ள பிள்ளைகள் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் ஆங்கிலச் சொற்கள் வந்து சேர்ந்தன என்பதே இந்த வரலாற்றின் சுவையான பகுதி. கோர்ட்டில் வாய்தாவும் வக்காலத்தும் பழைய சொற்களாகவே இருக்க, அப்பீல், ஸ்டே, ஜாமீனுக்கு நிகராகப் பெயில் ஆகியவை கூடவே புழங்கின. மோட்டார் பஸ் வந்ததும் டிக்கெட், கண்டக்டர், ஸ்டாப்பிங் வந்தன. வண்டியை நிறுத்த 'ஓல்டான்', கிளப்ப 'ரைட்' என்று இரண்டு கட்டளைகளைப் படிப்பறியாத பயணியும் அறிந்திருந்தார். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்தபின் கரும்புக்காரர்களிடம் ஒரு தனிச் சொற்கோவையே உருவாயிற்று. கரும்பைப் பதிவு செய்தவர் 'கட்டிங் ஆர்டர்' எப்போது கிடைக்கும் என்று காத்திருப்பார். ஆர்டர் தள்ளிப்போனால் கரும்பு காய்ந்து எடை குறையும். 'ரிகவரி' என்பது நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை இறங்கியது என்ற கணக்கு. விலை அதைப் பொறுத்தது. இந்தச் சொற்களின் பொருளில் எந்தக் கரும்பு விவசாயிக்கும் ஐயம் கிடையாது. பிழைப்பு அதில் இருந்ததால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றார்கள்.

அதே ஆளை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் தடுமாறுவார். இதில் அவர் குறை ஒன்றும் இல்லை. தமிழில் 'இது பேனா' என்றால் வாக்கியம் முடிந்தது. ஆங்கிலத்தில் நடுவே 'இஸ்' வேண்டும், பேனாவுக்கு முன் 'எ' வேண்டும். தமிழில் வினை கடைசியில் நிற்கிறது, ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி வந்துவிடுகிறது. சொல் எத்தனை சேர்ந்தாலும் இந்த அடுக்கு தானாக வராது, பழக்கத்தால்தான் வரும். பள்ளியோ பல காலம் அந்தப் பழக்கத்தைத் தரவில்லை. ஆசிரியர் பாடத்தை வாசித்து வரிவரியாகத் தமிழில் சொல்வார். மாணவர் 'வேர்டு மீனிங்' எழுதுவார், நாலு கோடு நோட்டில் காப்பி எழுதுவார், கட்டுரையை மனப்பாடம் செய்வார். வாய் திறந்து பேசும் வேளை அதில் இல்லை.

இதை மாற்ற நடந்த பெருமுயற்சி ஒன்று உலக ஆங்கிலக் கல்வி வரலாற்றிலேயே 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. சென்னை மாநிலத்தில் 1950-களின் இறுதியில் தொடங்கிய அந்தத் திட்டம், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி தர முனைந்தது. சிலருக்குப் பயிற்சி தருவது, அவர்கள் பலருக்குத் தருவது, அந்தப் பலர் ஊர் ஊராக ஆசிரியர்களுக்குத் தருவது என்பதே ஏற்பாடு. வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசைப்படுத்தி, செயலோடு சேர்த்துச் சொல்லவைப்பது முறை. ஆசிரியர் கையிலுள்ள பேனாவைக் காட்டி 'திஸ் இஸ் எ பென்' என்பார். தள்ளியிருக்கும் கதவைக் காட்டி 'தட் இஸ் எ டோர்' என்பார். ஒரு பிள்ளை கதவை நோக்கி நடந்துகொண்டே 'ஐ ஆம் கோயிங் டு த டோர்' என்று சொல்லும். நடக்கும்போதே சொல்வதால் நிகழ்காலத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நோக்கம் மிகச் சரியானது. ஆனால் பயிற்சி கை மாற மாற அதன் உயிர் குறைந்தது. பெரிய வகுப்பில் செயல் போய் கூட்டமாக ஒப்பிப்பது மட்டும் எஞ்சியது.

கல்வராயன் மலையின் கதை இதற்கும் பிந்தியது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலையை அரசு நேரடி நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டது 1976-இல்தான். மலையாளி பழங்குடி மக்களிடம் முதலில் புழங்கிய ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம்: ஃபாரஸ்ட் ரேஞ்சர், கார்டு, எஸ்.டி. சர்டிபிகேட், லேம்ப் சொசைட்டி (பழங்குடியினர் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம்). பிறகு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பரவின. வெள்ளிமலையில் ஏகலைவா பள்ளியும் வந்தது. மலைப் பிள்ளைக்கு வீட்டுத் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு, அதற்குமேல்தான் ஆங்கிலம். சமவெளிப் பாடவேளையை அப்படியே மலையிலும் வைத்தது பொருத்தமான ஏற்பாடு அல்ல.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்தன. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஆங்கிலத்தையும் பாட்டு, விளையாட்டு, செயல் வழியே கற்பிக்கிறது. பாடத்தை ஆங்கிலத்தில் எழுதுவது வேறு, ஆங்கிலத்தில் பேசுவது வேறு என்பதால், பலகையில் 'ஆங்கிலவழி' என்று எழுதியதாலேயே பேச்சு வந்துவிடவில்லை. உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் மாலையிலும் பள்ளியிலேயே இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அரைமணி பேச்சுப் பழக்கமும், அதை நடத்தத் தெரிந்த ஓர் ஆசிரியரும் கிடைத்தால், இன்னொரு புதுப் பாடப்புத்தகத்தைவிட அதுவே அவர்களுக்குக் கூடுதலாக உதவும்.